சிரித்தவனுக்கு வயலின் போட்டவர்கள்

வயலின் சத்தம் எங்கே கேட்டாலும் பட்டறைக்காரருக்குப் பற்றிக்கொண்டு வரும். டீக்கடை ரேடியோவில் கேட்டால் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவார். பக்கத்து வீட்டுப் பெண் வயலின் வகுப்பில் சேர்ந்தபோது, அந்தப் பக்கத்துச் சன்னலில் ஒரு இரும்புத் தகட்டை வைத்து, தன் கையாலேயே வெல்டிங் அடித்து மூடினார்.

"வெளிச்சம் எங்கேருந்து வரும்?" என்று மனைவி கேட்டாள்.

"பல்பு எதுக்கு இருக்கு?" என்றார்.

வயலின் என்ன பாவம் செய்தது? அது பாட்டுக்கு நாலு கம்பியும் ஒரு கட்டையுமாகக் கிடக்கிறது. அதைக் கொண்டுவந்து அவர் தலையில் போட்டவர்கள் மேல்தான் கோபம். வருஷக்கணக்காக நெஞ்சுக்குள் கிடந்து அரிக்கிற விஷயம் ஒன்றே ஒன்றுதான். அவர் அழவில்லை. ஊர் உலகமெல்லாம் பார்த்து உச்சுக்கொட்டிய அந்தப் படத்தில் அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

அவர் சிரிப்பு ஒரு மாதிரியான சிரிப்பு, அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். முதலில் தோள் குலுங்கும். பிறகு முகம் சுருங்கி, கண் மூடி, வாய் கோணிக்கொண்டு போகும். தண்ணீர் வற்றிப்போன அடிபம்பை அடித்தால் ஒரு சத்தம் வருமே, 'ஹீக்... ஹீக்...' என்று, அது தொண்டையிலிருந்து வரும். கடைசியில் கண்ணில் தண்ணீர் கொட்டும், துண்டால் துடைத்துக்கொள்வார். பக்கத்தில் இருப்பவர்கள் அவர் சொன்ன விஷயத்துக்குச் சிரிப்பது பாதி, அவர் சிரிக்கிற அழகுக்குச் சிரிப்பது பாதி. சத்தத்தோடு பார்த்தால் பச்சைப் பிள்ளைகூட அதைச் சிரிப்பு என்று சொல்லிவிடும். சத்தத்தை எடுத்துவிட்டுப் பார்த்தால், பெற்ற தாயே ஓடிவந்து "யாருடா உன்னை அடிச்சது?" என்று கேட்பாள்.

அந்தச் சத்தத்தைத்தான் எடுத்தார்கள். எடுத்துவிட்டு வயலினைப் போட்டார்கள்.

இதைச் சொல்ல வந்தால் சத்தம் அக்காவைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. அவளைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவும்.

பட்டறைக்கு மேலே இருந்த அறை ரொம்ப நாள் பூட்டிக் கிடந்தது. ஒருநாள் அதைத் திறந்து, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, 'இளைஞர் குறும்படத் திட்டம்' என்று ஒரு பலகையை மாட்டினார்கள். படிப்பை நிறுத்திய பிள்ளைகள், வேலை கிடைக்காமல் தெருமுனையில் நிற்கிற பிள்ளைகள், இவர்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு சின்னச் சின்ன வீடியோ எடுக்கக் கற்றுக்கொடுக்கிற திட்டம். அதை நடத்த வந்தவள்தான் அவள். குள்ளமான உருவம், முழங்கை வரை மடித்த சட்டை, கழுத்தில் எப்போதும் ஒரு ஹெட்போன். முதல் நாளே படியிறங்கி வந்து பட்டறை வாசலில் நின்றாள்.

"அண்ணே, கொஞ்சம் மெஷினை நிறுத்தறீங்களா?"

பட்டறைக்காரர் கிரைண்டரை நிறுத்தாமலே கேட்டார். "எதுக்கு?"

"மேல ரெக்கார்டிங் போகுது."

"கீழ பொழப்பு போகுது."

அவள் கோபப்படவில்லை. முகத்தைக் கொஞ்சம் திருப்பி, வலது காதை அவர் பக்கம் காட்டி, "என்ன சொன்னீங்க? இந்தக் காதுல சொல்லுங்க, அந்தக் காது மண்ணுல செஞ்சது" என்றாள். சின்ன வயதில் சீழ் பிடித்து இடது காது போயிருந்தது. அதை அவள் வெட்கமில்லாமல் சொன்ன விதத்தில் பட்டறைக்காரருக்குக் கை தானாக ஸ்விட்ச்சுக்குப் போய்விட்டது.

"ஒண்ணு பண்ணலாம்ணே. சன்னல்ல சிவப்புத் துண்டு தொங்கினா நிறுத்துங்க. துண்டை எடுத்துட்டா ஆரம்பிங்க."

"நான் என்ன ரயிலா?"

"ரயில் எங்க நேரத்துக்கு நிக்குது? நீங்க நிப்பீங்க."

அப்படி ஆரம்பித்தது. அன்றைக்கிருந்து சிவப்புத் துண்டு தொங்கினால் கிரைண்டர் நிற்கும், சுத்தியல் நிற்கும், வாடிக்கையாளர் இரைந்து பேசினால் பட்டறைக்காரரே "உஷ்" என்பார். மேலேயிருந்து அவள் குரல் மட்டும் கேட்கும். "சத்தம் வருதா?" உடனே ஒரு பெண் குரல், "வருதுக்கா." பிறகுதான் படம் எடுப்பார்கள். ஒரு நாளைக்கு நாற்பது தடவை இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு அவளுக்கு 'சத்தம் அக்கா' என்றே பெயர் விழுந்துவிட்டது. "வருதுக்கா" என்று பதில் சொல்கிற பெண்ணுக்கு 'மைக்கு' என்று பெயர். கேமராவைப் பிடித்துக்கொண்டு ஆடாமல் அசையாமல் நிற்கிற நெட்டைப் பையனுக்கு 'ஸ்டாண்டு'. பெற்றவர்கள் வைத்த பெயர் அந்த அறையில் யாருக்கும் இல்லை.

இந்தத் திட்டத்துக்கு வருவதற்கு முன் அவள் ஒரு ஸ்டுடியோவில் கல்யாண வீடியோ வெட்டி ஒட்டுகிற வேலை பார்த்தாள். மாப்பிள்ளை தலையைச் சுற்றி ரோஜாப்பூ பறக்க விடுவது, பொண்ணு முகத்தை இதயத்துக்குள் வைப்பது, நிலாவுக்குள் மாமனாரை வைப்பது, எல்லாம் அவள் கைவேலை. ஒரு மத்தியானம் டீ குடித்துக்கொண்டே பட்டறைக்காரரிடம் சொன்னாள்.

"ஒருத்தர் வந்தாருண்ணே. அவரு கல்யாணத்தை நான்தான் எடிட் பண்ணேன். அவங்கப்பா செத்துட்டாராம். அப்பா குரல் எங்கயுமே இல்ல, கல்யாணத்துல நிறையப் பேசினாரு, அதுல இருக்கும் பாருங்கன்னு கேட்டாரு. நானும் தேடுறேன், தேடுறேன். அப்பா வாயைத் திறக்கிற இடத்துல எல்லாம் நான் பாட்டு போட்டு வெச்சிருக்கேன். அந்த மனுஷன் ஒரு வார்த்தை திட்டலை. சரிம்மான்னு எந்திரிச்சுப் போனாரு. திட்டியிருந்தா நான் இன்னும் அங்கதான் ரோஜாப்பூ விட்டுக்கிட்டிருப்பேன்."

கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "படம் வெறும் சட்டைதாண்ணே. சத்தம்தான் ஆளு" என்றாள்.

அவள் பிள்ளைகளுக்கு வைத்த சட்டம் ஒன்றுதான். காட்டிவிட்டுத்தான் காட்ட வேண்டும். யாரை எடுத்தாலும், முதலில் அந்த ஆளைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் போட்டுக் காட்ட வேண்டும். "இது நான் இல்லை" என்று அவர் சொன்னால், தூக்கிப் போட்டுவிட வேண்டும். தெருமுனையில் செருப்புத் தைப்பவருக்கு இதே மாதிரி போட்டுக் காட்டி, "நான் இவ்வளவு கிழவனாவா இருக்கேன்? வேணாம்" என்று அவர் சொன்னதால் ரெண்டு நாள் வேலையை அப்படியே அழித்தார்கள். ஸ்டாண்டு முணுமுணுத்தான். "அது அவரு மூஞ்சி. நீ வாடகைக்கு எடுத்திருக்கே, அவ்வளவுதான்" என்றாள் அக்கா.

ஆண்டு விழாவுக்காகத் தெருவைப் பற்றி ஒரு படம் எடுக்கச் சொன்னார்கள். பிள்ளைகள் சலூன்காரரை எடுத்தார்கள், தண்ணீர் லாரி டிரைவரை எடுத்தார்கள், கடைசியில் கீழே இறங்கிப் பட்டறைக்கு வந்தார்கள். அன்று சிவப்புத் துண்டைப் பட்டறைக்காரரின் வெல்டிங் மெஷின் மேலேயே போட்டார்கள்.

"மாமா, உங்க வேலையில மறக்க முடியாத விஷயம் ஏதாவது சொல்லுங்க" என்றாள் மைக்கு.

மறக்க முடியாத விஷயம் என்றால் அவருக்கு ஒன்றுதான். அவருடைய மச்சான், அதாவது மனைவியின் தம்பி, அவரோடுதான் வேலை பார்க்கிறான். அந்த மச்சான் தன்னைத்தானே பூட்டிக்கொண்ட கதை.

"மாடி பால்கனிக்கு கிரில் அடிக்கிறோம். நான் வெளியே சாரத்து மேல. இவன் பால்கனிக்கு உள்ள. வெளிப்பக்கம் நான் அடிக்கிறேன், உள்பக்கம் இவன் அடிக்கிறான். கீழேருந்து மேல வரைக்கும் கம்பி. கடைசிக் கம்பியையும் அடிச்சு முடிச்சுட்டுத் திரும்பிப் பாக்கிறான், பால்கனிக் கதவு உள்பக்கமா பூட்டியிருக்கு. வீட்டுக்காரரு வேலை முடிஞ்சுபோச்சுன்னு நெனச்சுக் கதவைச் சாத்திப் பூட்டிக்கிட்டு வெளியே கெளம்பிட்டாரு. இவன் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு, 'மச்சான், நான் எப்படி வெளியே வர்றது?'ங்கறான். நான் சொன்னேன், ஜெயில்ல கூடக் கதவு வெச்சுத்தான்டா கட்டுவான், நீ கதவே வைக்காமக் கட்டிட்டு உள்ள நிக்கிறியேடா!"

சுற்றி நின்ற பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மூலையில் மச்சான், "வெட்டி எடுங்கன்னேன், மனசு வரலை இவருக்கு" என்று எடுத்துக் கொடுத்தான்.

"எப்படி வெட்டறது? அவ்வளவு சுத்தமான வேலை! சரி, பொழுது சாயுறதுக்குள்ள வந்துருவாருன்னு கம்பி வழியா டீ கொடுத்தேன். கிளாஸ் போகுது, மச்சான் வர மாட்டேங்கறான். போறவன் வர்றவன் எல்லாம் நின்னு பாக்கிறான். ஒரு குழந்தை கடலை போடுது! சாயங்காலமா வீட்டுக்காரரு வந்தாரு. கீழ நின்னு நிமிந்து பாத்தாரு. இவன் உள்ள, கம்பியைப் பிடிச்சுக்கிட்டு. அவரு ரொம்ப நேரம் பாத்துட்டுச் சொல்றாரு, 'வேலை சுத்தம்யா. அடிச்சவனாலயே வெளியே வர முடியலைன்னா, திருடன் எங்க உள்ள வரப் போறான்? என் தம்பி வீட்டுக்கும் இதே மாதிரி அடிச்சிரு.' இவன் கத்தறான், 'மொதல்ல என்னை எடுங்க சார், அப்புறம் பாராட்டுங்க!'"

அவ்வளவுதான். அதற்குமேல் அவரால் பேச முடியவில்லை. தோள் குலுங்கியது, முகம் கோணியது, அடிபம்பு 'ஹீக், ஹீக்' என்றது, கண்ணில் தண்ணீர் கொட்டியது, துண்டால் துடைத்தார். மைக்கு சிரித்த சிரிப்பில் மைக்கே ஆடியது. ஸ்டாண்டு மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டு கேமராவை ஆடாமல் பிடித்திருந்தான்.

நாலைந்து நாள் கழித்து மேலே கூப்பிட்டுப் போட்டுக் காட்டினார்கள். அவர் மனைவியையும் மச்சானையும் கூட்டிக்கொண்டு போனார். படத்தில் தன்னைப் பார்த்து, அவரே மறுபடி ஹீக் ஹீக் என்றார். மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, "சனியன், சிரிக்கிறதைப் பாரு" என்றாள்.

"இது நீங்கதானேண்ணே?" என்று கேட்டாள் சத்தம் அக்கா.

"நானேதான். போடு."

போட்டார்கள். என்ன போட்டார்கள் என்பதைத்தான் இனி சொல்ல வேண்டும்.

விழா பெரிய ஹாலில். பட்டறைக்காரர் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, மனைவி, மச்சானோடு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார். விளக்கை அணைத்தார்கள். திரையில் முதலில் எழுத்து வந்தது: 'கண்ணீர்த் தெரு.' மச்சான் குனிந்து, "வேற தெரு போல" என்றான். பிறகு வயலின் ஆரம்பித்தது. இழுத்து, இழுத்து, ஏதோ சாவு விழுந்த வீட்டு வாசலில் நிற்கிற மாதிரி. சலூன்காரர் வந்தார், வாய் அசைந்தது, சத்தம் இல்லை. லாரி டிரைவர் வந்தார், வாய் அசைந்தது, சத்தம் இல்லை. ஒரு கனத்த ஆண் குரல் மட்டும், "வறுமை இவர்களின் வார்த்தைகளை விழுங்கிவிட்டது" என்றது. விழுங்கினது வறுமையா? பொத்தானை அமுக்கி விழுங்கினவன் யாரோ, பழி வறுமை மேல்.

பிறகு பட்டறைக்காரர் வந்தார். கதை இல்லை, கிரில் இல்லை, மச்சான் இல்லை. நேராகத் தோள் குலுங்குகிற இடத்தில் ஆரம்பித்தார்கள். முகம் கோணுகிறது, கண்ணீர் கொட்டுகிறது, துண்டால் துடைக்கிறார். அதுவும் மெதுவாக, மிக மெதுவாக ஓடுகிறது. கீழே எழுத்து: 'பிள்ளைகளின் ஒரு வேளைச் சோற்றுக்காக ஏங்கும் ஒரு தந்தை.'

ஹால் முழுக்க 'ச்சூ' என்றது. முன்வரிசையில் பட்டுப்புடவை கட்டிய ஒரு அம்மாள் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தாள். பட்டறைக்காரரின் மனைவி, புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அன்றைக்கு மத்தியானம் சோற்றை இரண்டாவது முறை கேட்டு வாங்கித் தின்றுவிட்டு வந்த மனுஷன்.

அப்போது பின்னாலிருந்து ஒரு கத்தல். "நிறுத்துங்க! சத்தம் எங்க? சத்தம் எங்கய்யா போச்சு?" சத்தம் அக்கா நடைபாதையில் ஓடிவந்தாள். ஒரு பெரியவர், "சத்தம் நல்லாத்தானேம்மா வருது" என்றார். அவள் மேடையேறி, திரைக்குப் பின்னால் போய், ஒயரைப் பிடித்துக்கொண்டே ப்ளக்கைத் தேடினாள். இருட்டில் எது எங்கே போகிறது என்று தெரியவில்லை. அவள் தேடி முடிப்பதற்குள் படம் முடிந்துவிட்டது, கைதட்டலும் வந்துவிட்டது.

அவளுக்குத் தெரியாமல் படத்தை மாற்றி வெட்டச் சொன்ன திட்டத்தின் மேனேஜர் அவளை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். எல்லாம் பட்டறைக்காரர் காதில் விழுந்தது.

"சிரிச்சா யாரும்மா பாப்பாங்க? மனசு இளகணும். மனசு இளகினாத்தான் திட்டம் ஓடும்."

"அவரு அழலையே சார்!"

"அழுத மாதிரிதானே இருக்கு?"

இந்த நியாயத்தை எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிறார்களோ தெரியவில்லை. கோணலாக அடித்த கேட்டைக் கொண்டுபோய், நேராக இருக்கிற மாதிரிதானே இருக்கு என்று பட்டறைக்காரர் சொன்னால் இதே மேனேஜர் வாங்கிக்கொள்வாரா?

பிறகு அவரை மேடைக்குக் கூப்பிட்டார்கள். போயிருக்கக் கூடாது. பின்னாலிருந்து யாரோ தள்ளினார்கள், போய்விட்டார். கையில் ஒரு பை மளிகைச் சாமானைத் திணித்து, போட்டோ எடுத்தார்கள். மைக்கை வாய்க்கு நேராக நீட்டி, "ஏதாவது சொல்லுங்க ஐயா" என்றார்கள். அவர் வாயைத் திறந்தார். நான் அழவில்லை, அது என் மச்சான் கதை, சிரித்தேன் என்று சொல்ல வேண்டும். ஆனால் தொண்டையில் யாரோ வெல்டிங் அடித்த மாதிரி ஆகிவிட்டது. "பாவம், பேச முடியலை அவரால" என்று மேனேஜர் மைக்கை எடுத்துக்கொண்டார். மறுபடி கைதட்டல்.

வாழ்நாளெல்லாம் இரும்பை வளைத்தவருக்கு அந்த ஒரு இடத்தில் நாக்கு வளையவில்லை. அந்த ஹாலில், அதே ஜனங்கள் முன்னால், தன் வாயால் அதைச் சொல்ல வேண்டும். இதுதான் அன்றிலிருந்து அவர் நெஞ்சில் கிடந்த கட்டி.

தெருவில் நடந்தது அதைவிட மோசம். அந்தப் படம் எல்லார் போனிலும் ஓடியது. யாரோ முகம் தெரியாத ஆள் ஒரு மூட்டை பழைய சட்டையோடு வந்து நின்றான். கேட் அடிக்கச் சொல்லி வைத்திருந்த வீட்டுக்காரர், "நீங்க பாவம், மெதுவா செய்ங்க" என்று சொல்லிவிட்டு வேறு பட்டறையில் சொல்லிவிட்டார். சைக்கிளில் போகிற பிள்ளைகள் "அழுமூஞ்சி மாமா" என்று கத்திவிட்டுப் பறந்தன. மனைவி ஒரு வாரம் பேசவில்லை, பிறகு பேசியது இதுதான்: "நான் என்ன உங்களைப் பட்டினி போட்டேனா? என் பொறந்த வீட்டுல என்ன நெனப்பாங்க?" மச்சானுக்கு வேறு வருத்தம்.

"எல்லாம் சரி மச்சான், என்னை ஏன் படத்துலேருந்து வெட்டி எடுத்தாங்க? நான் உள்ள மாட்டினதுக்கே அர்த்தம் இல்லாமப் போச்சே!"

பட்டறைக்காரர் தன் கோபத்தையெல்லாம் கிரைண்டரில் காட்டினார். மறுநாள் மேலே சிவப்புத் துண்டு தொங்கியது. அவர் பார்த்தார். பார்த்துவிட்டு, வேண்டுமென்றே ஒரு பழைய இரும்பை எடுத்து வைத்துக் கிரைண்டரை ஓட்டினார். தீப்பொறி வாசல் வரை பறந்தது. துண்டு தொங்கிக்கொண்டே இருந்தது, அவர் நிறுத்தவே இல்லை. கடைசியில் துண்டு உள்ளே போனது. சத்தம் அக்கா ஒரு அட்டைப்பெட்டியோடு படியிறங்கி வந்தாள்.

"ரெக்கார்டிங் இல்லண்ணே. வேலையை விட்டுட்டேன். உங்ககிட்ட சொல்லணும், அதுக்காகத் துண்டைப் போட்டேன்."

"நீ வேலையை விட்டா என் மானம் திரும்பி வந்துருமா?"

"வராது."

"பின்னே?"

"அந்த ஹால்லயே ஒருநாள் உங்க சத்தத்தைக் கேக்க வைக்கிறேன்."

"கிழிச்சே" என்றார். சொல்லிவிட்டு, அட்டைப்பெட்டியைப் பார்த்தார். ஹெட்போன், ரெண்டு ஒயர், சிவப்புத் துண்டு. "எங்க போகப் போறே?"

"தெரியலை."

"பட்டறைக்குப் பின்னால இடம் சும்மாத்தான் கிடக்கு. துரு ஏறின சாமானைத் தள்ளிட்டா ஆறு பேர் உக்காரலாம். ஓசியிலன்னு நெனச்சுக்காதே, தினமும் பெருக்கணும்."

மைக்கும் ஸ்டாண்டும் இன்னும் நாலு பிள்ளைகளும் மேலேயிருந்து இறங்கி அவள் பின்னாலேயே வந்துவிட்டார்கள். கேமரா திட்டத்தோடு போய்விட்டது, போனிலேயே எடுத்தார்கள். போனை வைக்கப் பட்டறைக்காரர் பழைய பைப்பில் ஒரு ஸ்டாண்டு அடித்துக் கொடுத்தார். எடை தாங்காமல் யாராலும் தூக்க முடியவில்லை. "யானைக்கு அடிச்ச மாதிரி இருக்கு மாமா" என்றான் ஸ்டாண்டு. "நல்லதுதான், ஆடாது" என்றார்.

அன்றைக்கு எடுத்த சத்தம் அழியவில்லை. மைக்கு அதைத் தன் போனில் தனியாக வைத்திருந்தாள். அக்கா அதைத் தன்னிடம் இருந்த முழுப் படத்தோடு சேர்த்து ஒட்டி, பட்டறை ஷட்டரில் வெள்ளைத் துணி கட்டிப் போட்டுக் காட்டினாள். தெருவே திரண்டு வந்து சிரித்தது. மச்சானைத் தோளில் தூக்காத குறை. அன்றோடு அழுமூஞ்சி மாமா என்கிற பேச்சு தெருவில் போயிற்று. பட்டறைக்காரரும் சிரித்தார். ஆனால் வீட்டுக்குப் போகும்போது, "இது நம்ம தெரு. இவங்களுக்கு என்னைத் தெரியும். அந்தப் பட்டுப்புடவை அம்மாவுக்குத் தெரியுமா?" என்றார்.

அதற்குத்தான் அக்கா நடையாய் நடந்தாள். வருஷா வருஷம் விழாவுக்கு முன்னால் போய், நிஜப் படத்தைப் போடுங்கள் என்று கேட்பாள். பொய்ப் படத்தை எடுங்கள் என்று கேட்பாள். "பத்து லட்சம் பேர் பாத்துட்டாங்க, இப்ப போய் எப்படிம்மா எடுக்கிறது?" என்பார் மேனேஜர். பத்து லட்சம் பேரிடம் பொய் சொன்னால் அது பொய் இல்லை, சாதனை.

அந்த ஹாலுக்கு என்றில்லை, எந்த ஹாலுக்குள் நுழைந்தாலும் அவள் முதலில் பார்ப்பது ப்ளக் எங்கே இருக்கிறது என்றுதான். "ஒரு தடவை ஏமாந்தது போதும்ணே" என்பாள்.

பிறகு அவளுக்கு வயிற்றில் கட்டி வந்தது. வலி என்று சொல்லாமல் வாய்வு, வாய்வு என்று சொல்லிக்கொண்டே இருந்தவள், ஆஸ்பத்திரியில் படுத்தபோது அது கைமீறிப் போயிருந்தது. ஒரு மத்தியானம் பட்டறைக்காரர் பார்க்கப் போனார். கட்டில் ஓரம் ஹெட்போன் தொங்கியது. வலது காதுப் பக்கம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

"நான் போனதும் அவங்க எனக்கு ஒரு கூட்டம் போடுவாங்கண்ணே. அந்த ஹால்லதான். படமும் போடுவாங்க, வயலினும் போடுவாங்க."

"வாயைக் கழுவு."

"போடுவாங்க. எனக்குத் தெரியாதா அவங்களை? கேளுங்க. மேடைக்கு இடது பக்கம் ஒரு தூண் இருக்கு. அதுக்குப் பின்னால, தரையிலேருந்து ஒரு முழம் மேல, ப்ளக் அங்கதான் இருக்கு. வயலின் வந்தா பிடுங்கிருங்க."

அவள் இன்னும் ஒன்று சொன்னாள். அதற்கு அவர், "அது என்னால ஆகாது தங்கச்சி" என்றார். அவள் கண்ணை மூடிக்கொண்டு, கேட்கிற காதைத் தலையணையில் அழுத்தி, கேட்காத காதை மேலே திருப்பிக்கொண்டாள். யாரோடும் வாதாட விருப்பமில்லாத சமயங்களில் அவள் செய்கிற வேலை அது.

அவள் போன பிறகு, அவள் சொன்னபடியே கூட்டம் போட்டார்கள். அதே ஹால். மேனேஜர் இப்போது இன்னும் பெரிய நாற்காலிக்குப் போயிருந்தார். பட்டறைக்காரர் மனைவியை மூன்றாவது வரிசையில் உட்காரவைத்துவிட்டு, மச்சானோடு தூண் ஓரம் போய் நின்றார். ஒலிப்பதிவு ஸ்டுடியோவில் வேலைக்குப் போய்விட்ட மைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். ஸ்டாண்டு அவள் பக்கத்தில் ஆடாமல் நின்றான். முன்வரிசையில் அந்தப் பட்டுப்புடவை அம்மாளும் இருந்தாள்.

விளக்கை அணைத்தார்கள். திரையில் சத்தம் அக்கா. பிள்ளைகளைப் பார்த்து வாயைத் திறந்து எதையோ கத்துகிறாள், கண்ணெல்லாம் சிரிப்பு. "சத்தம் வருதா?" என்றுதான் கேட்கிறாள், உதட்டைப் பார்த்தாலே தெரிகிறது. கேட்கவில்லை. அதன்மேல் வயலின் வந்து இழுத்தது. அதே கனத்த குரல், "ஏழைகளின் கண்ணீரைத் துடைக்கத் தன் வாழ்வையே அர்ப்பணித்த..." என்றது.

கண்ணீரைத் துடைத்தாளா அவள்? கண்ணீரே இல்லாத இடத்தில் நீங்கள் கொட்டிய கண்ணீரை அல்லவா வருஷக்கணக்காகத் துடைத்தாள்!

பட்டறைக்காரர் குனிந்தார். ஒரு முழம் மேலே, சொன்ன இடத்தில் இருந்தது. பிடித்து ஒரே இழுப்பு. ஒயரோடு வந்தது. திரை இருண்டது, வயலின் பாதி இழுப்பில் செத்தது.

"கரண்ட் போச்சா? யாராவது பாருங்கப்பா" என்று மேனேஜர் குரல் கேட்டது.

"கரண்ட் இருக்கு. நான்தான் பிடுங்கினேன்" என்றார் பட்டறைக்காரர்.

தொண்டையில் பழைய வெல்டிங் மறுபடி ஏறுகிற மாதிரி இருந்தது அவருக்கு. கையில் ப்ளக், காலடியில் ஒயர், எதிரே இருட்டு. மச்சான் முதுகில் மெல்ல ஒரு இடி இடித்தான். அப்போது இருட்டுக்குள்ளிருந்து மைக்கின் குரல் வந்தது.

"சத்தம் வருது மாமா."

அன்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு சத்தம் அக்கா கேட்டதில் ப்ளக் பாதிதான். மீதிப் பாதி இது:

"பிடுங்கிட்டு ஓடிராதீங்கண்ணே. அங்கயே நின்னு, அந்த கிரில் கதையை உங்க வாயால சொல்லுங்க. மச்சான் உள்ள மாட்டிக்கிட்டுக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு, 'நான் எப்படி வெளியே வர்றது?'ன்னு கேட்டாரே, அங்கேருந்து ஆரம்பிங்க."